மசாலாக் கடைக்காரரின் இடது மூக்கு

1. செத்த எலி

என் கிளினிக்கின் பலகைத் தரைக்கு அடியில் எலி செத்துக் கிடக்கிறது என்று மாணிக்கம் அண்ணன் அறிவித்தபோது வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நான் உள்ளே ஒரு பள்ளி ஆசிரியைக்குப் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். கதவு மூடியிருந்தும் அவர் குரல் தெளிவாகக் கேட்டது.

"யாருக்குமே நாறலையா? எலி லா. செத்து நாலு நாளாவது ஆயிருக்கும்."

ஒருவர் நாறுகிறது என்று சொல்லிவிட்டால், அதன் பிறகு எல்லோருக்கும் நாறும். முதலில் ஒரு சீன அம்மா கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். லோரி ஓட்டுநர் ஒருவர் சந்தேகத்தோடு தன் சட்டைக் காலரை முகர்ந்து பார்த்தார். இரண்டு பேர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லி மாடிப்படி இறங்கிப் போய்விட்டார்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. அரசாங்க பல் மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு, குவீன் ஸ்ட்ரீட்டில் ஒரு துணிக்கடையின் மாடியில் சொந்தமாகக் கிளினிக் திறந்திருந்தேன். வந்த நோயாளி ஒவ்வொருவரும் எனக்குப் பெரிது. ஆகவே எலி என்ற சொல் காதில் விழுந்ததும் கருவியைக் கீழே வைத்துவிட்டேன். கீழே கடை, மேலே குடியிருப்பு என்று கட்டிய பழைய கடைவீடு. அந்த வீட்டில் எலி இல்லை என்று சத்தியம் செய்ய யாராலும் முடியாது.

என் மலாய்க்கார உதவியாளர் ரொக்கியா டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். காத்திருந்தவர்களை எழுப்பி, பெஞ்சை நகர்த்தி, குப்புறப் படுத்து, பலகை இடுக்குகளில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். கீழே துணிக்கடைக்காரர் மேலே என்ன ஆட்டம் நடக்கிறது என்று சத்தம் போட்டார். ரொக்கியா கண்டெடுத்தவை: ஒரு சீப்பு, சில பொத்தான்கள், யாருடையதென்று தெரியாத ஒரு பொய்ப்பல். அந்தப் பொய்ப்பல் நான் செய்தது இல்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துவிடுகிறேன். எலி கிடைக்கவில்லை.

மாணிக்கம் அண்ணனின் முறை வந்தது. உயரமான மனிதர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், வெள்ளைச் சட்டையில் மஞ்சள் தூள் கறை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் அவருடைய மசாலாக் கடையைத் தெரியாத தமிழர்கள் ஜார்ஜ் டவுனில் குறைவு. மூட்டைக்குள் கையை விட்டு ஒரு பிடி மல்லியை எடுத்து முகர்ந்து, அது எந்த ஊர் மல்லி, எத்தனை மாதம் கிடங்கில் கிடந்தது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். அந்த மூக்குதான் அவருடைய தொழில்.

டெண்டல் சேரில் சாய்ந்து உட்கார்ந்தார். ஒரு முறை மூச்சை இழுத்தார். முகம் சுளித்தது.

"டாக்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இங்கயும் ஒரு எலி செத்துருக்கு."

வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. எலி அவரோடுதான் மாடியேறி வந்திருக்கிறது.

2. எந்தப் பக்கம்?

அவர் வரப்போவது எனக்கு முன்பே தெரியும். காது மூக்கு தொண்டை மருத்துவர் டாக்டர் தியோ முந்தின நாள் போன் செய்திருந்தார். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"ஸ்டெல்லா, உனக்கு ஒரு மூக்கை அனுப்புறேன்," என்றார். "இடது பக்க சைனஸ். ரெண்டு தடவை கழுவிட்டேன். ரெண்டு தடவையும் என் நர்ஸ் ரூமை விட்டு ஓடிட்டா, அவ்வளவு நாத்தம். கழுவினா கொஞ்ச நாள் நல்லா இருக்கு, அப்புறம் திரும்ப வந்திருது. வலது பக்கம் சுத்தமா இருக்கு. என் பக்கத்துல பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. இனிமே உன் பக்கம்."

மாணிக்கம் அண்ணனுக்கு இந்த ஏற்பாட்டில் நம்பிக்கை இல்லை.

"மூக்கு டாக்டர்கிட்ட போனேன். மூக்குல கம்பிய விட்டுத் தண்ணி அடிச்சாரு, கெரெத்தா கழுவுற கடையில காருக்கு அடிக்கிற மாதிரி. இப்ப பல்லு டாக்டர்கிட்ட போன்னு சொல்றாரு. நீங்க என்னைக் கண்ணு டாக்டர்கிட்ட அனுப்புவீங்களா?"

"முதல்ல ஒரு சின்னக் காரியம் செய்யுங்க அண்ணே. வாய மூடிக்கிட்டு, வலது பக்க மூக்கை விரலால அடச்சுட்டு மூச்ச இழுங்க."

இழுத்தார். "ஐயோ. எலி."

"இப்ப இடது பக்கத்த அடைங்க."

இடது பக்கத்தை அடைத்து மூச்சை இழுத்தார். இன்னொரு தடவை இழுத்தார். விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கண்கள் மெல்ல அகலமாயின.

"இந்தப் பக்கம் கொறைச்சலா இருக்கே?"

"எலி வெளிய இருந்தா ரெண்டு மூக்குலயும்தானே நாறணும்?"

அவர் மூக்கைப் பிடித்தபடியே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்றத்துக்காக அவர் இதுவரை யாரையெல்லாம் குறை சொல்லியிருக்கிறார் என்று மனதுக்குள் எண்ணுகிறார் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு கேள்வி கேட்டபோது ஒவ்வொன்றாக வந்தது. கடைக்குப் பின்னால் ஓடும் சாக்கடைக்காக நகராட்சி ஆட்களோடு சண்டை. அழுகிப்போனது என்று திருப்பி அனுப்பிய நல்ல மல்லி மூட்டைகள். வாசம் சரியாகப் பிடிபடாததால் கறித்தூளில் சீரகத்தையும் மிளகையும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் நாசி கண்டார் என்ற சோற்றுக் கறிக் கடை வைத்திருந்த அவருடைய பழைய வாடிக்கையாளர், தூளைத் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டார்.

"'தௌக்கே'ன்னு மொதலாளியா மரியாதை குடுத்துட்டே, 'சாப்பிட வர்றவன்லாம் இருமுறான்'னு சொல்றான். என் அப்பா காலத்துலேர்ந்து எங்க தூளத்தான் வாங்குறாங்க. அவன் போனா கடையில பாதி போச்சு."

"வீட்டுல?" என்று கேட்டேன்.

"வீட்டுல யாரும் இல்ல," என்று சொல்லி வாயைத் திறந்து காட்டினார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

வாய் அருமையான வாய். முப்பத்திரண்டு பல்லும் இருந்தன. இடது மேல் முதல் மோலாரில் மட்டும் பழைய ஃபில்லிங் ஒன்று, அதை ஒட்டி மயிரிழை போல ஒரு கீறல்.

"இந்தப் பல்லால எதையாவது கடிப்பீங்களா அண்ணே? எலும்பு, பாக்கு?"

அவர் முகம் மலர்ந்தது. "சாதிக்காய்! ஓட்டோட வாயில போட்டு ஒரே கடி. டமார்னு ஒடையும். பருப்பை எடுத்து கஸ்டமர் கையில குடுத்துருவேன். வெள்ளக்காரன்லாம் நின்னு போட்டோ எடுப்பான். இந்தப் பல்லுதான் டாக்டர் என் கடைக்கு விளம்பரம்."

பஞ்சில் குளிர் ஸ்ப்ரே அடித்துப் பக்கத்துப் பல்லில் வைத்தேன். சேரில் துள்ளினார். விளம்பரப் பல்லில் வைத்தேன். அசையவே இல்லை.

"அப்பிடியே வச்சிருங்க, சொகமா இருக்கு," என்றார்.

பல் செத்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்து இருட்டறையில் கழுவிப் பார்த்தேன். வேர் நுனியில் கரிய நிழல், அதற்கு மேலே சைனஸின் தரை இருக்க வேண்டிய வெள்ளைக் கோடு அந்த இடத்தில் மட்டும் அழிந்திருந்தது.

இளம் பல் மருத்துவர்களுக்கு இது பாடப் புத்தக விஷயம். நோயாளிக்கு அப்படி இல்லை. அவருக்குப் புரியும்படி சொன்னேன்.

"நம்ம கடைவீடு மாதிரி நெனச்சுக்குங்க. மேல் கடைவாய்ப் பல்லுக்கு மேல, கன்னத்து எலும்புக்குள்ள ஒரு காலி ரூம் இருக்கு. அதுதான் சைனஸ். பல்லோட வேர் அந்த ரூமோட தரைய ஒட்டி நிக்குது. பல்லு செத்து சீழ் புடிச்சா, அது தரைய அரிச்சுக்கிட்டு மேல போயிரும். மூக்கு டாக்டர் மேல் மாடியக் கழுவிக் கழுவி விட்டாரு. கீழ் வீட்டுலேர்ந்து சாக்கடை ஏறிக்கிட்டே இருக்கு."

"வலிக்கலையே?"

"சீழுக்கு வெளிய போக வழி கெடச்சிருச்சு. அடைஞ்சு நின்னாத்தான் வலிக்கும்."

"அப்ப பல்லு செத்துருச்சுன்னு சொல்றீங்க."

"ஆமாண்ணே. விரிசலும் வேர் வரைக்கும் போயிருச்சு. வேர் சிகிச்சை செஞ்சாலும் நிக்காது. எடுத்துரணும்."

அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். "என் வாயில ஒண்ணு செத்துருக்கு, அது எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியுது. மூக்குக்கு வைத்தியம் பாக்க வந்தவன் பல்லக் குடுத்துட்டுப் போகணும். நல்லா இருக்கு லா."

கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார். படியிறங்கும்போது துணிக்கடைக்காரரிடம், மாடியில் எலி இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொன்னது எனக்கும் கேட்டது.

3. ராஜம்மா அக்கா

அடுத்த வாரம் ஒரு நடுவயது அம்மா வந்தார். பெயர் ராஜம்மா. ஜெலுத்தோங்கிலிருந்து பஸ் ஏறி வந்ததாகச் சொன்னார். பல் காட்ட வந்தேன் என்றார். பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. சொன்னேன். ஆனாலும் சேரை விட்டு இறங்கவில்லை.

"டாக்டர், மாணிக்கம்னு ஒருத்தர் இங்க வந்தாராமே."

"நோயாளிங்களப் பத்தி வெளிய பேசக் கூடாது அக்கா."

"நான் வெளி ஆள் இல்ல. அவரு பொண்டாட்டி."

"யாரா இருந்தாலும் சொல்லக் கூடாதுக்கா."

"சொல்ல வேணாம். நான் கேக்குறேன், நீங்க தலைய மட்டும் ஆட்டுங்க. அவருக்கு மூக்குல சீக்கா, மனசுல சீக்கா? மூக்குலன்னா நான் வீட்டுக்குப் போயிருவேன். மனசுலன்னா மக வீட்டுலயே இருந்துக்கிறேன்."

என் தலை அசையாமல் பார்த்துக்கொண்டேன். கழுத்து வலித்தது. ரொக்கியாவுக்குத் தமிழ் ஓரளவு புரியும். அவள் முதுகைத் திருப்பிக்கொண்டு கருவிகளை அடுக்குவது போல் நின்றாள்.

நான் பேசாததால் அவர் பேசினார். நாற்றம் தொடங்கியது முதலே அக்காவின் சமையல் மேல் பழி விழுந்திருக்கிறது. சாம்பார் ஊசிப்போச்சு என்றார் மாணிக்கம் அண்ணன். ரசம் நாறுது என்றார். ஒரு நாள் மீன் குழம்புத் தட்டை எடுத்துப் பின்சந்தில் வைத்துவிட்டார். பூனை வந்து தட்டை நக்கித் துடைத்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று வாசலில் வந்து நின்றதாம்.

"பூனைக்குத் தெரியுது டாக்டர், மனுசனுக்குத் தெரியல," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் கொஞ்சம் சிரித்தார். பிறகு நிறுத்தினார்.

"அதக் கூட விட்டுருவேன். மருமகன் சாப்பிட வந்திருந்தாரு. அவரு முன்னால வச்சு, 'குழம்பு இல்ல, ஒன் கைதான் நாறுது'ன்னு சொல்லிட்டாரு."

அப்போதுதான் நான் அவர் கைகளைப் பார்த்தேன். மடியில் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தார். கேட்டு வாங்கிப் பார்த்தேன். விரல் மடிப்புகளில் வெடித்து, சில இடங்களில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது.

"என்னக்கா இது?"

"சோப்புப் போட்டுத் தேச்சேன். எலுமிச்சம்பழம் தேச்சேன். அப்புறம் துணி தொவைக்கிற பவுடர். மக வீட்டுக்கு வந்தப்புறமும் விட முடியல. சமைச்சு முடிச்சா கையைக் கழுவிக்கிட்டே இருக்கேன். மோந்து பாத்தா எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அவரு மூக்கு சாதாரண மூக்கு இல்லையே டாக்டர். இந்த ஊரே நம்புற மூக்கு. அவரு சொன்னா இருக்கும்தானேன்னு..."

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நான் அலமாரியிலிருந்து களிம்பு எடுத்துக் கொடுத்தேன்.

"அக்கா, இந்தக் கையைப் பத்தி அவர்கிட்ட நான் பேசலாமா?"

"நான் சொன்னதா சொல்லாதீங்க."

"நீங்க எங்க சொன்னீங்க? நான்தானே பாத்தேன்."

யோசித்தார். "அப்ப பேசுங்க," என்றார்.

மறுநாள் கிளினிக் திறப்பதற்கு முன் மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போனேன். மாணிக்கம் அண்ணன் ஒரு சீரக மூட்டைக்குள் கையை விட்டு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பல்லத் தேடிக் கடைக்கே வந்துட்டீங்களா?" என்றார்.

"பல்லுக்காக வரல அண்ணே. ராஜம்மா அக்கா என் கிளினிக்குக்கு வந்திருந்தாங்க. அவங்க கையைப் பாத்தீங்களா?"

"கைக்கு என்ன?"

"தோல் வெடிச்சு ரத்தம் கசியுது. தொவைக்கிற பவுடர் போட்டுத் தேச்சிருக்காங்க. நாத்தம் போகணும்னு."

சீரகத்துக்குள் இருந்த கையை அவர் வெளியே எடுக்கவே இல்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து மிளகாய் கேட்டார். பதில் வராததால் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்.

"நாத்தம் என் மூக்குலதான்னு அன்னைக்கு உங்க சேர்லயே தெரிஞ்சு போச்சு டாக்டர்," என்றார் கடைசியில். "அத அவகிட்ட போய் எப்பிடிச் சொல்றதுன்னுதான் தெரியல. நாளைக்குக் காலையில வர்றேன். எடுத்துருங்க."

4. பிடுங்கிய நாள்

அவர் முன்னால் ஏறி வந்தார். மகள் வீட்டுக்கு என்ன செய்தி போயிற்றோ, நான்கைந்து படிகள் தள்ளி ராஜம்மா அக்கா ஏறி வந்தார். இருவரும் பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் இருந்தவர்கள் பாவம், இந்தப் பக்கமும் பார்க்க முடியாமல் அந்தப் பக்கமும் பார்க்க முடியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மரத்துப்போக லோக்கல் ஊசி போட்டு ஃபோர்செப்ஸ் இடுக்கியை வைத்தேன். விரிசல் விட்ட பல் எப்போதும் மரியாதையாக வராது. முதலில் மேல்பகுதி வந்தது. கன்னத்துப் பக்கத்து வேர்கள் இரண்டும் தனித்தனியாக வந்தன. மேல் அண்ணத்துப் பக்கத்து வேர் மட்டும் பிடிவாதம் பிடித்தது. எலவேட்டர் என்ற நெம்புகருவியை வைத்து மெல்ல நெம்பினேன். அசைந்தது, வந்தது, அதன் பின்னாலேயே சீழும் வந்தது.

அந்த நாற்றத்தை எழுத்தில் சொல்ல நான் முயலப் போவதில்லை. சாப்பிட்டுவிட்டு இதைப் படிப்பவர்களும் இருக்கலாம். ரொக்கியா, "அலாமாக்!" என்று கத்திவிட்டு ஜன்னல்களை எல்லாம் திறந்தாள். வெளியே பெஞ்சு காலியாகும் சத்தம் கேட்டது. டாக்டர் தியோவின் நர்ஸ் ஏன் ஓடினாள் என்று எனக்குப் புரிந்தது. எனக்கு மட்டும் ஓட வழியில்லை, கை அவர் வாய்க்குள் இருந்தது.

நான் கண்ணீரோடு குழியைச் சுத்தம் செய்துகொண்டிருந்தபோது கதவு திறந்தது. ராஜம்மா அக்கா. வாசலில் நின்றார். மூச்சை இழுத்தார். இழுத்த வேகத்தில் ஒரு அடி பின்னால் போனார். பிறகு இரண்டு அடி முன்னால் வந்தார்.

"இதா?" என்றார். "இந்த நாத்தத்தையா என் மீன் குழம்புன்னு சொன்னீங்க?"

மாணிக்கம் அண்ணன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். நான் பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னேன். ரத்தம் உறைய அரை மணி நேரம் இறுக்கிக் கடித்திருக்க வேண்டும், பேசவே கூடாது என்றேன். மருத்துவ ரீதியில் அது சரியான அறிவுரை.

ராஜம்மா அக்கா அந்த அரை மணி நேரத்தில் ஒரு நிமிடத்தைக் கூட வீணாக்கவில்லை. சாம்பாரில் தொடங்கினார். ரசம், பொரியல், பாயசம் என்று வரிசையாக வந்தார். பூனையைப் பற்றித் தனியாகச் சொன்னார். மருமகன் முன்னால் நடந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மாணிக்கம் அண்ணன் பஞ்சைக் கடித்தபடி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அந்த இடத்தில் மட்டும் ஆட்டவில்லை, குனிந்துகொண்டார். மரத்துப்போன இடது உதடு ஒரு பக்கமாகத் தொங்க, இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"போதும், போதும்," என்றார் ராஜம்மா அக்கா. "எச்சி ஒழுகுது, தொடச்சுக்குங்க."

5. காப்பி போன வழி

கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வேர் சைனஸின் தரையில் ஒரு ஓட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தது. வாய்க்கும் சைனஸுக்கும் நடுவே நேரடி வழி. சிறிய ஓட்டைதான். தையல் போட்டுவிட்டால், உள்ளே ரத்தக் கட்டி அசையாமல் நின்றால், பெரும்பாலும் தானாக மூடிக்கொள்ளும். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. மூக்கைச் சிந்தக் கூடாது. ஸ்ட்ரா போட்டு உறிஞ்சக் கூடாது. தும்மல் வந்தால் அடக்கக் கூடாது, வாயைத் திறந்து தும்ம வேண்டும்.

மூன்றையும் சொன்னேன். பிறகுதான் நான் யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது.

"அண்ணே, ரெண்டு வாரம் கடைப் பக்கமே போகக் கூடாது."

"சரி டாக்டர்," என்றார், மிகவும் நல்ல பிள்ளையாக.

மறுநாள் கடையைத் திறந்துவிட்டார். அன்றைக்கென்று பின்கட்டில் காய்ந்த மிளகாய் அரைக்கும் நாள். முதல் தும்மலை வாயைத் திறந்து தும்மியிருக்கிறார். எதிரே ஒரு வாடிக்கையாளர் நின்றதால் இரண்டாவது தும்மலை மரியாதைக்காக மூக்கைப் பிடித்து அடக்கியிருக்கிறார். உள்ளே ஏதோ பொட்டென்று விட்டது போலிருந்ததாம். பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் வாயாலேயே கேட்டேன். மதியத்துக்குள் ஓடி வந்துவிட்டார்.

"டாக்டர்! காப்பி மூக்குல வருது!"

"எப்படிண்ணே?"

"காப்பிக் கடையில ஒக்காந்து ஒரு வாய் குடிச்சேன். பாதி தொண்டைக்குள்ள போச்சு, பாதி இந்தப் பக்க மூக்குல இறங்குது. எதிர்ல ஒரு வாத்தியாரு பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தாரு. அவரு பேப்பர் நனஞ்சு போச்சு. நான் மூளை ஒழுகுதுன்னே நெனச்சுட்டேன்!"

"காப்பிதான்னு எப்படித் தெரிஞ்சுது?"

"இனிச்சுது," என்றார்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் காற்றை ஊதச் சொன்னேன். குழியில் குமிழி வந்தது. தையல் பிரிந்து, ரத்தக் கட்டி போய், வழி திறந்து கிடந்தது. இனி அது தானாக மூடாது. டாக்டர் தியோவை அழைத்தேன். அவர் வந்து அந்த ஓட்டை வழியாகவே சைனஸை உப்புத் தண்ணீரால் தெளிவாக வரும்வரை கழுவினார். இரண்டு தடவை மூக்கு வழியாகப் போராடிய மனிதருக்கு அதில் ஒரு திருப்தி.

"பார்த்தியா, இப்பத்தான் எனக்கு வாசல் திறந்திருக்கு," என்றார். "அடுத்து நீ மூடிடு."

சில நாள் மருந்து கொடுத்துச் சீழ் நின்ற பிறகு, கன்னத்துப் பக்கத்து ஈறைத் தளர்த்தி, கீழே இழுத்து, ஓட்டையின் மேல் போர்த்தித் தைத்தேன். ஃப்ளாப் என்போம். அரசாங்க வேலையில் இருந்தபோது பெரியவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்றிருக்கிறேன், தனியாகச் செய்தது அதுதான் முதல் முறை. கடைசித் தையல் முடிச்சுப் போட்டபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மாணிக்கம் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இந்த முறை நிபந்தனைகளை அவரிடம் சொல்லவில்லை. ராஜம்மா அக்காவிடம் சொன்னேன்.

"கடைச் சாவியக் குடுங்க," என்றார் அவர் கணவரிடம். "நீங்க ஜெலுத்தோங்ல மக வீட்டுல இருங்க. கடைய நான் பாத்துக்கிறேன்."

"ஒனக்குக் கடையப் பத்தி என்ன தெரியும்?"

"ஒங்க மூக்குக்கு இப்ப என்ன தெரியும்?"

சாவி கை மாறியது.

6. திரும்பி வந்தவை

மகள் வீடு ஃப்ளாட்டில் மேல் மாடி. கீழே கொஞ்ச தூரத்தில் பசார், காய்கறி மீன் சந்தை. மாணிக்கம் அண்ணன் ஜன்னல் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சைனஸ் ஆற ஆற வாசனைகள் அவரிடம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. ஒவ்வொன்று வந்ததும் எனக்குப் போன் செய்தார்.

"டாக்டர், மிளகாச் சம்பல் வறுக்குறாங்க! கீழ் வீட்டுல!"

"நல்லதுண்ணே. மூக்கைச் சிந்தாதீங்க."

இன்னொரு நாள்: "டாக்டர், டுரியான் பழ லோரி வந்துருக்கு. எலி இல்ல, டுரியான்தான், நல்லாத் தெரியுது!"

ஒரு நோயாளியின் வாயை விரித்துப் பிடித்தபடி, காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை வைத்துக்கொண்டு, வாழ்த்துச் சொல்வேன். சாக்கடை வாசனை தெரிய ஆரம்பித்த நாளில் அவருக்கு இருந்த மகிழ்ச்சியை நான் வேறு எந்த நோயாளியிடமும் பார்த்ததில்லை.

இதற்கிடையில் கடையில் ராஜம்மா அக்கா பழைய அளவுக்குச் சீரகத்தையும் மிளகையும் குறைத்துத் தூள் அரைத்து, நாசி கண்டார் கடைக்குக் கொஞ்சம் கொடுத்து அனுப்பினார். அந்தக் கடைக்காரர் நேரில் வந்தார். கல்லாவில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துத் தயங்கினாராம். பிறகு, "அக்கா, இதே தூள்தான் வேணும். கை மாத்தாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

தையல் பிரித்த அன்று மாலை ராஜம்மா அக்கா மீன் குழம்பு வைத்துத் தூக்குச் சட்டியில் மகள் வீட்டுக்குக் கொண்டுபோனார். என்ன நடந்தது என்று நான் கேட்காமலேயே என்னிடம் வந்து சொன்னார்.

"எதுவும் பேசாம சாப்பிட்டாரு. ரெண்டு தடவை சோறு வாங்கினாரு. அப்புறம் என் கையைப் புடிச்சு மோந்து பாத்தாரு டாக்டர். 'மீன் வாசம் வருது'ன்னாரு. 'மீன் கழுவுனா மீன் வாசம்தான் வரும், ரோசாப்பூ வாசமா வரும்'னு கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"'நல்லா இருக்கு'ன்னாரு. கையை விடவே இல்ல. மக வேற பாத்துக்கிட்டு நிக்கிறா, வெக்கமாப் போச்சு."

அவர் கைகளில் வெடிப்பு ஆறி, புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்திருந்தது.

மாணிக்கம் அண்ணன் கடைக்குத் திரும்பினார். கல்லா அவரிடம் திரும்பவில்லை. அதில் ராஜம்மா அக்காதான் உட்கார்ந்தார், நான் கிளினிக்கை விற்றுவிட்டு ஓய்வு பெறும்வரை அங்கேயே பார்த்திருக்கிறேன். அண்ணன் மூட்டைகளுக்கு நடுவே நின்று முகர்ந்து சொல்வார், அக்கா அதை ஒரு முறை தானும் முகர்ந்துவிட்டுத்தான் வாங்குவார். சாதிக்காயை உடைக்க ஒரு சின்னச் சுத்தியல் வந்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் அதையும் போட்டோ எடுத்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றம், ஒரு பக்கக் கன்னத்தில் மட்டும் கனம், சளி மருந்துக்கு அடங்காத சளி என்று ஒருவர் வந்தால், பல் வலிக்கவில்லை என்று அவர் சொல்வதை நம்பி விட்டுவிடாதீர்கள். மேல் கடைவாய்ப் பற்களை ஒவ்வொன்றாகக் குளிர் வைத்துச் சோதியுங்கள், எக்ஸ்ரே எடுங்கள். எந்தப் பக்கம் என்ற கேள்வியை முதலிலேயே கேளுங்கள்.

மாணிக்கம் அண்ணனுக்குப் பிறகு நான் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொண்டேன். எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. "இந்த நாத்தத்துக்கு வீட்டுல யாரைத் திட்டினீங்க?" என்று கேட்பேன். பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேர் கூட வந்தவரைத் திரும்பிப் பார்ப்பார்கள்.